கைமாற்று கொடுக்காத வெல்டா

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே கார்டெனாவில் அப்போது ஆறு சீட்டாட்டக் கிளப்புகள் இருந்தன. நாங்கள் பகல் கூட்டம், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கதவு திறக்கும் முன்பே வாசலில் வரிசை கட்டி நிற்போம். சுருட்டுப் புகையும் பணத்துக்குப் பதில் வைக்கும் சில்லுகள் உரசும் சத்தமுமாக அந்தக் கூடம் இப்போதும் கனவில் வருகிறது.

எங்கள் போக்கர் மேசையில் வெல்டா கிரிம்ஸ் இருந்தாள். விமானத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவள். தோற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கைமாற்று கேட்பது அங்கே சகஜம். வெல்டா மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை.

"பணம் கிடையாது. பசிச்சா சொல்லு, சூப் வாங்கித் தரேன்" என்பாள். சொன்னபடி வாங்கியும் தருவாள்.

"வெல்டா பர்ஸுக்குத் திறப்பே வெக்காம தெச்சுட்டாங்க போல" என்று நான் சீண்டுவேன்.

"வெச்சிருக்கு. உன் கண்ணுல படாத எடத்துல."

அவளுக்கு இடப்பக்கம் ஒன்பது வருடமாக ஆர்வில் டாக் உட்கார்ந்து ஆடிவந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒரு வசந்த காலத்தில் அவன் மனைவி இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஆட்டம் கெட்டது. உதவாத சீட்டுக்கெல்லாம் பணம் கட்டினான். ஒரு செவ்வாய்க்கிழமை கையிலிருந்தது முழுக்கப் போய்விட்டது.

"வெல்டா, அறுபது டாலர் குடு. பென்ஷன் வந்ததும் தந்துடறேன்."

"மாட்டேன், ஆர்வில்."

"ஒம்பது வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்!"

"அதனாலதான் மாட்டேங்கறேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. நான் அறுபதை எடுத்து அவன் முன்னால் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி வெல்டாவை ஒரு பார்வை பார்த்தேன். அந்த மாதம் இன்னும் நாலைந்து பேர் அவனுக்குக் கொடுத்தோம்.

பிறகு ஆர்வில் வருவது நின்றது. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகவும் எங்களுக்குத் தயக்கம். பணம் கேட்க வந்ததாக நினைத்துவிட்டால்?

வெல்டா போனாள். திரையை விலக்கிப் பார்த்துவிட்டு ஆர்வில் கதவைத் திறந்தானாம்.

"உனக்குத்தான் நான் எதுவும் தர வேண்டியதில்ல. உள்ள வா" என்றானாம்.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் போனாள். ஒரு நாள் இதை என்னிடம் சொன்னாள். அவளாகவே தொடர்ந்தாள்.

"என் தம்பிக்கு ஒரு தடவ நூறு டாலர் குடுத்தேன். அவனால திருப்பித் தர முடியல. வெக்கப்பட்டுக்கிட்டு நாலு வருஷம் என் வீட்டுப் பக்கமே வரல. கடைசியில அவன் சாவுக்குத்தான் போனேன். பணம் போனா போகட்டும்யா. தம்பியே போயிட்டானே!"

"என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

அடுத்த புதன் அவள் பின்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஆர்வில் முகம் வெளுத்தது. 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. கை நேரே பின்பாக்கெட்டுக்குப் போனது. எட்டு டாலர் இருந்தது. நீட்டினான்.

'விடுப்பா, அதெல்லாம் வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். வெல்டா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். வாங்கிக்கொண்டேன்.

"மிச்சம் அம்பத்திரண்டு" என்றான்.

"ஆமா. அம்பத்திரண்டு."

அவன் தோளின் இறுக்கம் தளர்ந்தது. "சரி, நிக்காத. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு."

மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தான், எனக்கும் மற்றவர்களுக்கும். கிளப்புக்கு மட்டும் திரும்பவே இல்லை. அவன் சமையலறையில் ஆறு வருடம் ஆடினோம், காசுக்குப் பதில் வேர்க்கடலை வைத்து. ரேடியோவில் பேஸ்பால் ஓடும். ஆர்வில் ஜெயிப்பான், பேச்சுவாக்கில் ஜெயித்ததைத் தோலுரித்து வாயில் போட்டுக்கொள்வான்.

"ஆட்டக் காசையே தின்னா ஆட்டம் எப்படிய்யா நடக்கும்?" என்று வெல்டா அவன் கையில் அடிப்பாள்.

அவன் மென்றுகொண்டே சீட்டைக் கலைப்பான்.