பக்கத்து வீட்டில் ஒரு பருக்கையும் வீணாகாது

இன்று காலையில் முதல் வேலையாக, கவுன்சில் புதிதாகத் தந்த சாப்பாட்டுக் கழிவு வாளியை வாசலில் வைத்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணை கறுப்புப் பையோடு வந்தார். தனக்குத் தந்த வாளியில் அவர் கார் கழுவுகிறார்.

"என்ன தங்கச்சி, குப்பைக்குக் காவலோ?"

"மிச்சச் சாப்பாட்டை இனி வேறயாத்தான் போடவேணும், அண்ணை. புதுச் சட்டம்."

"அது எறிஞ்சு பழகின வெள்ளையளுக்கு. எங்கட வீட்டில ஒரு பருக்கையும் வீணாகாது."

இரவு வெளியில் கிடந்தபோது தெருவில் திரியும் நரி பிறாண்டிய அவருடைய பை அந்த நேரம் பார்த்துக் கிழிந்தது. அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்கு முதல் நாள் செய்த சாமத்தியச் சடங்கின் புரியாணியும் வடையும் கேசரியும் நடைபாதையில் கொட்டின.

"இது என்ன அண்ணை?"

"நூறு பேர் வந்தால் இருநூறு பேருக்குச் செய்யவேணும், பிள்ளை. சாப்பாடு முடிஞ்சு போச்செண்டால் சனம் என்ன கதைக்கும்?"

எந்தச் சட்டத்துக்கும் பயப்படாத எங்கள் ஆட்கள் இதற்கு மட்டும் நடுங்குவார்கள்.

அடுத்த மாதம் என் மகளின் பிறந்தநாள். வருகிறவர்கள் எண்பது பேர். என் கணவர் நூற்றைம்பது பேருக்குக் கடையில் சாப்பாடு சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் கடைக்குப் போன் எடுத்து அதை எண்பதாகக் குறைக்கப் போகிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

கதைக்க விரும்பும் சனம் இப்போதே இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டில் தொடங்கலாம்.