செவ்வாய்க்காரர்கள் மீது ஸ்தல விசாரணை

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா ஆபீசில் நான் தற்காலிக நகல் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மனுக்களுக்கு நகல் எடுத்த நேரம் போக, 'கிரக தூதன்' என்று விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்று நடத்தினேன். மாதம் ஒரே ஒரு பிரதி. கதை, படம், கையெழுத்து எல்லாம் அடியேன். ராசிபுரம் நெசவுக்காரர் ஒருவரிடம் தொடங்கி, ஆத்தூர், தம்மம்பட்டி என்று ஏழு வாசகர்களைத் தபாலில் சுற்றிவிட்டு அது என்னிடமே திரும்பும். அபிப்பிராயம் எழுதக் கடைசியில் நான்கு பக்கம் விட்டிருப்பேன். "கதை நன்று. நூல் விலை ஏறிவிட்டது" என்கிற மாதிரி விமரிசனங்கள் வரும்.

சித்திரை இதழில் ஒரு புதுமை செய்தேன். செவ்வாய் கிரகத்து வாகனம் எங்கள் தாலுகாவிலுள்ள கரட்டுமேட்டில் இறங்கியதாக ஒரு குடியானவர் தாசில்தாருக்கு மனுப் போடுவதுபோலவே முழுக் கதையையும் எழுதினேன். மனு நடைதான் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. எழுதி முடித்ததை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் காணோம். கண்ணில் படும் மனுவுக்கு நம்பர் போட்டுப் பதிவது தபால் குமாஸ்தாவின் வேலை. அன்றைக்கென்று பார்த்து மனிதர் வேலை செய்திருக்கிறார்.

ஹெட் கிளார்க் கூப்பிட்டார். "ஏந்தம்பி, கரட்டுமேட்டு மனுவப் பாத்தயா?"

அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு போயிருந்தது. சர்க்கார் மையில் கதை எழுதியது தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பாத்தனுங்க."

"கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டல. சர்வே நெம்பரும் இல்ல. எறங்குன எடம் பட்டாவா, பொறம்போக்கான்னு தெரியாம நாம என்ன பண்றது? ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு அனுப்பியிருக்கறேன்."

வந்தவர்கள் செவ்வாயிலிருந்து வந்தவர்கள் என்பதில் அவருக்கு ஆட்சேபணையே இல்லை. நான் என் நகல் மேஜைக்குத் திரும்பினேன். பதினைந்து நாள் சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் அறிக்கை வந்தது. நகல் எடுக்க என்னிடமே கொடுத்தார்கள்.

"ஸ்தலத்தில் நேரில் விசாரித்தேன். மேற்படி வாகனம் இறங்கிய இடம் சர்க்கார் புறம்போக்கு. பயிர்ச் சேதமில்லை. மேற்படி அன்னியர்கள் ஆக்கிரமிப்பைத் தாங்களாகவே அகற்றிக்கொண்டு சென்றுவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை."

தாசில்தார் கையெழுத்துப் போட்டார். ஃபைல் முடிந்தது. என் சித்திரை இதழ்க் கதையும் அதோடு ரிக்கார்டு ரூமுக்குப் போயிற்று. பிறகு இன்ஸ்பெக்டரைத் தனியாகப் பிடித்தேன்.

"நெசமாலுமே போய்ப் பாத்தீங்களாங்க?"

"இந்த வெயில்ல அங்க எவன் போவான் சாமி? ஊட்ல உக்காந்து எழுதுனதுதான்."

அவர் சிரித்தார். எனக்கு வந்தது பொறாமை. ஆகர்ஷண சக்தி, வேகம் என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் அவர்களைக் கீழே இறக்கினேன். இவர் திண்டில் சாய்ந்தபடி ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு தாலுகாவே அதை நம்பியது.

வேலை நிரந்தரமாயிற்று. பயத்தில் பத்திரிகையை நிறுத்தினேன். அடுத்த இதழ் எப்போது என்று ராசிபுரத்துக்காரர் மூன்று கார்டு போட்டார். பதில் எழுத வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கற்பனையை நம்பவைக்க விஞ்ஞானம் வேண்டாம், 'நேரில் விசாரித்தேன்' என்று எழுதினால் போதும். பிற்பாடு நானும் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகி இருபது வருஷம் அப்படித்தான் எழுதினேன். இப்போது அதற்குத்தான் பென்ஷன் வருகிறது.