ஐந்தாம் பக்கம்

பைண்டிங் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் எப்போதும் ஊசி இருக்கும் என்பது ஒரு காரணம். வாயும் அப்படித்தான் என்பது இன்னொன்று. இருபத்திரண்டு வருடமாக அவள் புத்தகம் தைத்த நூலை ஒரே கோடாக இழுத்துக் கட்டினால் நிலாவைத் தொட்டுவிடும் என்பார் மேஸ்திரி. கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பாதி வழி வரைக்கும் எட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மடிக்கும்போது படிக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருத்தி நாவலை மடித்துக்கொண்டே படித்தாளாம். கதாநாயகி செத்த இடத்தில் அவள் அழுத அழுகையில் நாற்பது தாள் நனைந்து, மொட்டைமாடி முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டார்களாம். அதற்குப் பிறகு மடிப்பவர்களின் கண் தாளின் மூலையில் இருக்கும் பக்க எண்ணை விட்டு நகரக் கூடாது என்றாகிவிட்டது. எண்ணும் எண்ணும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் மடிப்பு சரி. நடுவில் இருப்பது கடவுள் வாக்கானாலும் மடிப்பவளுக்கு அது வெறும் கறுப்பு.

இப்படிப் படிக்க விடாமல் கட்டிப்போட்டதாலோ என்னவோ, ஊசி எழுத ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் இருபது நிமிடத்தில், தவறி அச்சான தாள்களின் வெள்ளைப் பக்கத்தில், ஆறு வருடம் எழுதினாள். ஓர் அக்கா தங்கையின் கதை. கணவனின் வாய்க்கும் கைக்கும் பயந்து, ஒரு மாலையில் பெட்டியோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள் அக்கா. தங்கை கதவை விரியத் திறக்கிறாள். அதற்குப் பிறகு நடப்பதுதான் நாவல். பதிப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை மாற்றாமல் போடுகிறேன் என்று சொன்னபோது ஊசிக்குக் கால் தரையில் பாவவில்லை.

புத்தகம் அச்சாகி, அவள் வேலை செய்யும் கூடத்துக்கே தைக்க வந்தது. முந்நூறு பிரதி. வேறு யாரையும் தொட விடாமல் எல்லாவற்றையும் தானே மடித்தாள், தானே தைத்தாள். அன்று மாலை ஆறு மணிக்கு நூலக அரங்கில் வெளியீடு. நான்கு மணிக்கு வண்டி வரும்.

மதியம் இரண்டு மணிக்குப் பதிப்பாளர் அம்மா போன் செய்தார்.

"முன்பக்கம் எப்படி வந்திருக்கு, பாத்தீங்களா?"

"நன்றியுரையா? பிழைதிருத்தம் பாக்கறப்போ அந்தப் பக்கம் காலியா இருந்துதே மேடம்."

"கடைசியிலதான் சேர்த்தேன். நீங்க ஒரே கவர்ல ரெண்டு தாள் அனுப்பியிருந்தீங்க இல்லையா. ஒண்ணு மேஸ்திரிக்கு நன்றி, கூடத்துக்கு நன்றின்னு வருகைப் பதிவேடு மாதிரி இருந்துது. இன்னொண்ணைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. அதையே போட்டுட்டேன். காலையில வந்து முதல் பிரதியை எடுத்துட்டுப் போனேனே, அதை இப்பத்தான் உங்க அக்கா கையில குடுத்துட்டு வர்றேன். அழைப்பிதழுக்கு நீங்க குடுத்த விலாசத்தை வச்சுத் தேடிப் பிடிச்சேன். உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னுதான்."

இன்பம் எங்கே போனதோ தெரியவில்லை. அதிர்ச்சி மட்டும் வந்து சேர்ந்தது.

அந்த இரண்டாவது தாள் பதிப்பாளர் அம்மாவுக்குத் தனியாக எழுதிய கடிதம். தனிக் கடிதம் என்று மேலே எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. படித்தால் தெரியாதா என்று நினைத்துவிட்டாள். ஊசி அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி ஐந்தாம் பக்கத்தைத் திறந்தாள். தன் விரலால் முந்நூறு முறை அழுத்தி மடித்த தாளில் தான் எழுதியதை அப்போதுதான் படித்தாள்.

'பதினெட்டு வருடத்துக்கு முன் என் அக்கா நிஜமாகவே பெட்டியோடு வந்தாள். நாலு நாள் சும்மா இருந்துவிட்டுப் போக வந்தேன் என்றாள். சும்மா வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. விடிந்தால் நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு இருந்தது ஒரே அறை. அவள் கணவர் வந்து தெருவில் நின்று கத்துவாரோ என்று பயம். நாவலில்தான் அவளை உள்ளே விட்டிருக்கிறேன். இன்றுவரை அவள் அதைப் பற்றி என்னை ஒன்றும் கேட்டதில்லை. அதற்கு அவளுக்கு நன்றி.'

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்று சட்டத்தை மீறித் தானும் படித்தார். மீசையைத் தடவினார்.

"உங்க அக்காவுக்கு இது தெரியாதா?"

"நான் நிஜமாவே ஊருக்குப் போனேன்னுதான் நினைச்சுட்டிருக்கா. வாரம் தவறாம என் வீட்டுக்கு வர்றா அண்ணே. இதைப் படிச்சா இனிமே வாசலை மிதிக்க மாட்டா."

"தாளை வெட்டி எடுத்துடலாம். பின்பக்கம் காலிதான்."

"அஞ்சை எடுத்தா பதினொண்ணு உதிருமே."

பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பில் ஒவ்வொரு தாளுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. ஒரே தாளின் இரண்டு பாதிகள் அவை. நடுவில்தான் நூல் ஓடும். ஐந்தாம் பக்கத்தின் ஜோடி பதினொன்றாம் பக்கம். அதில்தான் நாவலின் தங்கை கதவைத் திறக்கிறாள்.

"அதுக்குத்தான் நூலை ஒட்டி ஒரு விரல் அகலம் காது விட்டு வெட்டணும். அந்தக் காது பதினொண்ணைப் பிடிச்சுக்கும். உனக்கே நான் சொல்லணுமா?" என்றார் மேஸ்திரி. "இதெல்லாம் எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல அங்க இருக்கறதைப் போய் வாங்கிட்டு வா. நீ வர்ற வரைக்கும் ஒரு பிரதி வெளியே போகாது, நான் பாத்துக்கறேன்."

இரண்டு பஸ் மாற வேண்டும். அக்காவுக்கு நான்கு முறை போன் செய்தாள். நான்கு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. முதல் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, குசலம் விசாரித்து, புறப்பட மனமில்லாமல் புறப்பட்டது. இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போது செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுத் தெருவில் ஒற்றைச் செருப்போடு நடந்தாள்.

அத்தான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் அந்தக் குரல் கேட்டாலே அக்கா பின்கட்டுக்குப் போய்விடுவாள். இப்போது முழங்கால் போய், குரலும் பாதி போய், வேடிக்கை பேசுவது மட்டும் மிச்சம். மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது.

"வாம்மா எழுத்தாளரே. நல்ல கனமா எழுதியிருக்கே. ஒரே அடியில ரெண்டு ஈ விழுந்துது."

"அத்தான், அதைக் கொஞ்சம் குடுங்க. உள்ள ஒரு தப்பு இருக்கு. வேற கொண்டு வந்து தர்றேன்."

"எனக்குத் தப்பு ஒண்ணும் தெரியலையே. நான் படிச்ச வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"அட்டை வரைக்கும்." அவர் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். "உங்க அக்காவைப் பத்தி முன்பக்கத்துலயே எழுதியிருக்குன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போச்சு. எல்லாம் எறும்பா ஓடுது. ஊசி கோக்கணும்னு கண்ணாடியை எடுத்துட்டுப் போனா உங்க அக்கா. ஒரு மணி நேரமா ஒரு ஊசி கோக்கறா."

ஊசி புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம். பின்கட்டுக்குப் போனாள்.

அக்கா துணி துவைக்கும் இடத்தில், கவிழ்த்த வாளிமேல் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன. அக்காவின் கை சும்மா இருந்து ஊசி பார்த்ததில்லை.

"ரெண்டு தடவை படிச்சேன்," என்றாள் அக்கா. "செருப்பைக் கையில வச்சிருக்கே, யாரை அடிக்க வந்தே?"

"அக்கா, அது அச்சுல வந்திருக்கக் கூடாது. அந்தம்மாவுக்குத் தனியா எழுதினது."

"அப்போ எழுதினது பொய்யா?"

"இல்லை."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு விடிஞ்சா ஊருக்குப் போறோம்னு சொன்னே. படியிறங்கும்போது பாத்தேன். பெரிய தொட்டியில போர்வையும் திரைச்சீலையும் ஊறிட்டிருந்துது. ஊருக்குப் போறவ யாருடி அதுக்கு முந்தின சாயங்காலம் போர்வையை ஊற வைப்பா?"

"தெரிஞ்சுதான் போனியா?"

"தெரியாம என்ன. பெட்டி கனம் வேற. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன்னைத் திட்டிட்டே போனேன். அங்க உக்காந்து கொஞ்ச நேரம் திட்டினேன். அப்புறம் வீட்டுக்கு வந்துட்டேன்."

"பதினெட்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீ நிஜத்தைச் சொல்லிடுவே. சொல்லிட்டா, மறுபடி உன் வீட்டுக்கு எந்த முகத்தோட வர்றது? எனக்குன்னு போக இருந்தது அந்த ஒரு வீடு." அக்கா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "நான் கேக்காம இருந்ததுக்கு நன்றின்னு எழுதியிருக்கே. அது உனக்காக இல்லை. எனக்காக. அந்த நன்றியை நீயே வச்சுக்கோ."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஊசி கையிலிருந்த செருப்பைத் துவைக்கும் கல்மேல் வைத்தாள்.

"மிச்சப் புத்தகத்துல அந்தத் தாளை எடுத்துடு," என்றாள் அக்கா. "இவருக்குப் பயந்து சொல்லலை. இவர் கண்ணாடி போட்டாலும் அட்டையைத் தாண்ட மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை ஊர் ஏன் படிக்கணும்?"

"எடுத்துடறேன். இதையும் சரிபண்ணித் தர்றேன்."

"இதைத் தொடாதே." அக்கா புத்தகத்தை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். "எத்தனை வெட்டணும்?"

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பது."

"வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலுக்கு. இப்பவே மூணு இருபது."

அக்கா எழுந்து, தன் செருப்பில் ஒரு ஜோடியைத் தங்கையின் காலடியில் தள்ளினாள். இன்னொன்றைத் தான் போட்டுக்கொண்டாள். முன்னறையைத் தாண்டும்போது அத்தான், "கண்ணாடி?" என்றார்.

"நான் இன்னும் படிச்சு முடிக்கலை."

"எப்போ வருவே?"

"வெட்டி முடிச்சதும்," என்றாள் அக்கா. எதை வெட்ட என்று கேட்க அவர் வாயெடுப்பதற்குள் இருவரும் தெருவில் இருந்தார்கள்.

நிறுத்தத்தில் நின்றபடி ஊசி மேஸ்திரிக்குப் போன் செய்து, வெட்ட ஆரம்பிக்கச் சொன்னாள். வண்டியை ஐந்து மணி வரைக்கும் நிறுத்தி வைப்பதாகச் சொன்னார் அவர். அக்கா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடையில என்னைப் பத்தி எதுவும் பேசாதே."

"பேசலை."

"கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலைக்கா."

"போகும்னும் நான் சொல்லலை."

பஸ் வந்தது. அக்கா முதலில் ஏறி, இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, துணிப்பையைப் பக்கத்தில் வைத்தாள். பின்னால் ஏறிய ஊசி அந்தப் பையைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நகர்ந்தது. ஒரு நிறுத்தம் போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் அந்த இடத்தைக் கை காட்டி, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் அக்கா. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.