அப்பாவின் சக்கரையும் ஈஸ்ட்டின் சக்கரையும்

கனடாவில் நான் தினமும் ஏறும் பஸ்ஸில் ஒரு வயதான பெண்மணி பக்கத்தில் வந்து உட்காருவார். ஒருநாள் என் ஸ்வெட்டரை மோந்து பார்த்துவிட்டு, “பேக்கரியில் வேலையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆய்வகத்தில் பெரிய குடுவைகளில் ஈஸ்ட் வளர்க்கிறோம், அந்தப் புளித்த வாசனை துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது என்றெல்லாம் விளக்க அலுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் ரொட்டி மாவு பிசையும் பக்குவம் கேட்பார். நானும் தெரிந்தவள் போல ஏதோ சொல்வேன்.

உண்மையில் என் வேலை இதுதான். ஈஸ்ட்டுக்குள் ஒரு நொதி இருக்கிறது. புரதங்களின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரையை ஒட்டவைப்பது அதன் தொழில். அந்த நொதி என்ன வடிவத்தில் இருக்கிறது, சர்க்கரையை எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் நொதியைப் படிகமாக்கி, பிறகு எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். மூன்று வருடங்கள் சொட்டுச் சொட்டாகக் கரைசல் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கலங்கல்தான் வந்தது. காலையில் பார்ப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடும். இருந்தாலும் பார்ப்பேன்.

எங்கள் ஊரான எறையூரின் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் தீர்ந்துகொண்டிருந்த ஒருநாள், “அப்படி என்னதான் பாப்பா பண்றே அங்க?” என்று கேட்டார்.

“சக்கரைதாம்ப்பா. சக்கரை எப்புடி ஒட்டுதுன்னு பாக்குறேன்.”

“நம்ம சக்கரையா?” அவருக்குப் பத்து வருடமாகச் சக்கரை நோய். குரலில் அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அப்படியே நினைத்தேன். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது புரியும். தொலைபேசியில் நாம் சொல்லாமல் விடுவதுதான் அதிகம்.

நான்காம் வருடப் பனிக்காலத்தில், ஒரு சொட்டின் ஓரத்தில் ஊசிமுனையளவு படிகம் தெரிந்தது. பேராசிரியர் வந்து பார்த்தார். எக்ஸ்ரே கூடத்தில் அடுத்த வாரத்துக்கு எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். ஒதுக்கிய இரண்டாம் நாளே அண்ணன் கூப்பிட்டான்.

“அப்பாவுக்குக் கால் வெரல் கறுத்துப்போச்சு. திருச்சியில சேத்துருக்கோம். எட்டு மாசமா மாத்திரையே போடலையாம். பாப்பா மருந்து கொண்டாரும், அதுவரைக்கும் கண்டதையும் முழுங்க மாட்டேங்குறாரு. நீ வராம காலத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டர்கிட்ட.”

படிகத்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து என் கூட வேலை செய்யும் மார்த்தாவிடம் கொடுத்தேன். விடுமுறைக்குப் போகிறேன் என்று யார் சொன்னார்களோ, “வெயிலை அனுபவித்துவிட்டு வா” என்றாள். தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா பாதியாகிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணனை வெளியே போகச் சொன்னார்.

“கொண்டாந்தியா?”

“மருந்து இல்லப்பா. நான் பாக்குறது உங்க சக்கரை இல்ல. அது ஈஸ்ட்டுல இருக்குற வேற சக்கரை.”

“அப்ப அது யாருக்கு மருந்து?”

“யாருக்கும் இல்லப்பா. அது எப்புடி இருக்குன்னு பாக்குறோம். அவ்வளவுதான்.”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். “இத அப்பவே சொல்லிருக்கலாம்ல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, “கையெழுத்து எங்க போடணும்னு கேளு” என்றார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், பெரம்பலூர் இன்டர்நெட் கடையில் மார்த்தாவின் கடிதத்தைத் திறந்தேன். படிகம் நன்றாக அமைந்திருந்தது. அதோடு வந்த நொதியின் படம் திரையில் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. நான்கு வருட உழைப்பு நாடாச் சுருள்களாகக் கண்முன் நின்றபோது அழுகையோ சிரிப்போ வரவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல சக்கரை எங்க ஒக்காருது?”

நடுவில் இருந்த குழியைக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். “சரியாத்தான் அமைஞ்சிருக்கு.”

மறுநாள் அவரோடு ஆலையில் வேலை பார்த்த ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். “ஒங்க பொண்ணு சக்கரைக்கு மருந்து கண்டுபுடிக்குதாமே” என்று அவர் ஆரம்பித்ததும் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அப்பாவின் குரல் கேட்டது. “மருந்து இல்லய்யா. நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். கண்ணுக்கே தெரியாத ஒண்ணு எப்புடி இருக்குன்னு படம் புடிச்சிருக்கு. இந்தா பாரு.” அதன்பின் வந்தவர்களிடமெல்லாம் அவரே இதைச் சொன்னார். தவறு மகளுடையது என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு மன்னிப்பாகத் தெரியவில்லை. இன்றைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஐந்து வாரம் முடிந்து கிளம்பியபோது, திருச்சி விமான நிலையம் வரை வருவேன் என்று பிடிவாதம் பிடித்துக் காரில் ஏறிக்கொண்டார். பாடாலூர் வருவதற்குள் குலுங்கலில் காயம் வலிக்க ஆரம்பித்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். “நீங்க திரும்புங்கப்பா. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்” என்றேன். மறுக்கவில்லை. “போயிட்டு வா. மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்குறேன்” என்றார். நான் பஸ் ஏறியதும் அண்ணன் வண்டியைத் திருப்பினான்.

திருச்சி பஸ்ஸின் கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் நின்று பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் பெரம்பலூர்ப் பக்கம் சிறுத்துக்கொண்டே போனது. கண்டக்டர் தோளருகே வந்து, “எந்த ஊரும்மா?” என்றார்.

“எறையூர்” என்றேன்.

“அது அந்தப் பக்கம்ல போவணும். மாத்தி ஏறிட்டீங்களேம்மா” என்று விசிலை வாயருகே கொண்டுபோனார்.

“இல்லங்க, திருச்சிதான்” என்று சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.