மறைப்புச் சேலை

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றைக் கதவுக் கடையில் அமிர்தவல்லியின் தையல் மெஷின் ஓடுகிறது. ரவிக்கை தைப்பதில் அவளுக்குப் பேர் உண்டு. ஆனால் கீரனூர், இலுப்பூரிலிருந்தெல்லாம் பெண்கள் அவளைத் தேடி வருவது வேறொன்றுக்காக. கழுத்தில் எலாஸ்டிக் வைத்து, கால் வரை தொங்கும் பெரிய உறை மாதிரியான ஓர் உடை அது. கை கிடையாது, பொத்தான் கிடையாது, அளவும் கிடையாது. ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒன்றேதான். தலைவழியே மாட்டிக்கொண்டால், எத்தனை பேர் சுற்றி நின்றாலும் உள்ளுக்குள்ளேயே ஈரத்தை அவிழ்த்துவிட்டுக் காய்ந்ததைக் கட்டிக்கொள்ளலாம். பெண்கள் அதைக் ‘கூடாரம்’ என்றார்கள்.

“இது எப்படிக்கா ஒங்களுக்குத் தோணுச்சு?” என்று கேட்பவர்களிடம், “தேவைப்பட்டுச்சு” என்பாள். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வீட்டார் எல்லோரும் குளத்தூர்ப் பக்கம் வெள்ளோடை அருவிக்குப் போனார்கள். இங்கெல்லாம் குன்று என்றால் கருங்கல்தான். வெள்ளோடைக் குன்று மட்டும் சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்த வருஷம் மட்டும் அதில் அருவி விழும். வண்டியை ரோட்டில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடக்க வேண்டும்.

குளித்து முடித்த பெண்கள் பாறை மறைவில் உடை மாற்றினார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகச் சேலையைத் தூக்கிப் பிடிக்க, ஒருத்தி உள்ளே நின்று மாற்றிக்கொள்வாள். எல்லா அருவியிலும் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அமிர்தவல்லியின் முறை வந்தபோது ஒரு முனையைப் பிடித்தவள் அவள் புருஷன் ஆத்மநாதனின் அக்கா பிரகதாம்பாள். தன் கொழுந்தன் மகளைத் தம்பிக்குக் கட்ட நினைத்து, அது நடக்காமல் போன ஆத்திரத்தில் இருந்தவள்.

ஈரச்சேலை காலடியில் கிடந்தது. மாற்றுச்சேலையை இன்னும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் பிரகதாம்பாளின் முனை கீழே போனது. எதிர்ப்பாறையில் மாமனார், கொழுந்தன்மார், ஆத்மநாதனின் சிநேகிதர்கள் என்று ஆண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயையோ, கை நழுவிருச்சு!” என்றாள் பிரகதாம்பாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

துணி நழுவினால் எப்படி விழும் என்று தையல்காரிக்குத் தெரியும். முதலில் ஒரு விரலிலிருந்து போகும், பிடித்தவள் பதறி எட்டிப் பிடிப்பாள். இது அப்படி விழவில்லை. இரண்டு கையும் ஒரே சமயத்தில் விரிந்ததை அமிர்தவல்லி பார்த்தாள்.

அன்றைக்கு ராத்திரி அழுதபோது ஆத்மநாதன், “அக்காதான் கை நழுவிருச்சுங்குதுல்ல, இதைப் போய்ப் பெருசாக்குறியே” என்றான். கொழுந்தன்மார் அதன்பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கல்யாண வீடுகளில் பிரகதாம்பாள் பந்தி நடுவே கதையை எடுப்பாள். “எங்க அமிர்தம் அருவியில நின்ன கோலம் இருக்கே! நான் என்னத்தடி பண்ணுவேன், கை நழுவிருச்சு.” கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அமிர்தவல்லி இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அந்த ஆத்திரத்தில்தான் முதல் கூடாரத்தைத் தைத்தாள். இனி எவள் கையையும் நம்பி நிற்கக் கூடாது என்பதற்காக.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நழுவவில்லை, விட்டேன் என்று பிரகதாம்பாள் தன் வாயால் சொல்ல வேண்டும். நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். அதற்காக இருபத்தாறு வருஷம் காத்திருந்தாள்.

போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. பிரகதாம்பாளின் மருமகள் அன்புமொழி போனில் வெள்ளோடை அருவி வீடியோவைக் காட்டி, “சித்தி, எல்லாருமாப் போவோமா?” என்றாள்.

“போவோம்” என்றாள் அமிர்தவல்லி.

ஆத்மநாதன் திடுக்கிட்டான். “நீயா? அங்கிட்டுத் திரும்பியே பாக்க மாட்டேம்ப?”

“இப்பப் பாக்கணும்போல இருக்கு.”

வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கூடாரம் தைத்தாள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பிரகதாம்பாள் வீட்டுக்கே கொண்டுபோனாள். அன்புமொழியின் அப்பா அம்மாவும் அங்கே வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக, “மதினி, ஒங்களுக்கு?” என்று நீட்டினாள்.

சம்பந்திகள் முன்னால் பிரகதாம்பாள் அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள். “நான் என்ன நெல்லு மூட்டையாடி, சாக்குக்குள்ள போய் நிக்க? எனக்குச் சேலை மறைப்பு போதும். நீயே பிடி. ஒன் கையாவது நழுவாம இருக்கான்னு பாப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தவல்லியும் சிரித்தாள். “சரிங்க மதினி. மறைப்புக்குச் சேலை நானே கொண்டாரேன்.”

வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிச் சுங்குடி. அன்றைக்கு மறைப்பாகப் பிடித்த அதே சேலை. அருவித் தண்ணீர் காய்ந்து, கரையில் சுண்ணாம்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அவள் அதை அதன்பின் கட்டவுமில்லை, துவைக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். உசிலையும் கல்லத்தியும் அடர்ந்த காட்டுப்பாதை. மழையில் நனைந்த வெள்ளைக்கல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. மூட்டுவலிக்காரியான பிரகதாம்பாள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால் இரண்டடி விட்டு அமிர்தவல்லி. ஓரிடத்தில் ஓடை பாறைக்குள் புகுந்து காணாமல் போய், கொஞ்ச தூரம் தள்ளி முன்னைவிட வேகமாக வெளியே வந்தது. அமிர்தவல்லி நின்று அதைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

“என்னடி அமிர்தம், பின்னாடியே வார? தள்ளி விட்டுறப் போறியா?”

“தள்ளி விட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருமே மதினி.”

“வாயப் பாரு இவளுக்கு!” என்று பிரகதாம்பாள் சிரித்தாள்.

அருவி அப்படியே இருந்தது. அந்தப் பாறையும் இருந்தது. எதிரே ஆண்கள் போய் உட்கார்ந்ததும் பழைய இடத்தில்தான். பெண்கள் குளித்தார்கள், கூச்சல் போட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய உள்ளுக்குள் நெளிந்தார்கள். முதல் ஆளாக மாற்றிவிட்டு நின்றவர்கள் அமிர்தவல்லியும் அன்புமொழியும்தான்.

“பிடிங்கடி” என்றாள் பிரகதாம்பாள், குளிரில் பல் கிட்ட.

அன்புமொழி ஒரு முனையைப் பிடித்தாள். அமிர்தவல்லி மறு முனையைப் பிடித்தாள். உள்ளே ஈரச்சேலை காலடியில் விழும் சத்தம் கேட்டது. மாற்றுச்சேலை இருந்த பை அமிர்தவல்லியின் தோளில் தொங்கியது.

“பையக் குடுடி.”

“தாரேன். இந்தச் சேலை ஞாபகம் இருக்கா மதினி?”

பிரகதாம்பாள் அப்போதுதான் சேலையைப் பார்த்தாள். சுண்ணாம்பு படிந்த கரையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“அன்னைக்கு நழுவுச்சா, விட்டீங்களா?”

“என்னடி இது, இந்த நேரத்துல! நழுவிருச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல.”

அமிர்தவல்லி தன் முனையை ஒரு சாண் கீழே இறக்கினாள்.

“அமிர்தம்! ஏய்! எதுத்தாப்ல சம்பந்தி இருக்காரு!”

“எனக்கு எதுத்தாப்ல மாமா இருந்தாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அன்பு, நீயாவது சொல்லேன்டி இவகிட்ட!”

அன்புமொழி சித்தியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். தன் முனையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிரகதாம்பாள் குனிந்து, மார்பில் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கினாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தானும் அப்படித்தான் குனிந்திருப்போம் என்று அமிர்தவல்லிக்குத் தோன்றியது. கை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

“விட்டேன்” என்று முனகினாள் பிரகதாம்பாள்.

“தண்ணிச் சத்தத்துல கேக்கலைங்க.”

“விட்டேன்டி! நாந்தான்டி வேணும்னே விட்டேன்! போதுமா?”

அருவியைத் தாண்டிக் கேட்டது அது. கூடாரங்களின் கழுத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. எதிர்ப்பாறையில் ஆத்மநாதன் சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஏன் விட்டாய் என்று அமிர்தவல்லி கேட்கவில்லை. காரணத்தை அவள் வாயால் கேட்டால் இரக்கம் வந்தாலும் வந்துவிடும். அந்தத் தொல்லை அவளுக்கு வேண்டாம்.

முனையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். பையைக் கொடுத்தாள். பிரகதாம்பாள் கடைசிக் கொசுவத்தைச் செருகும் வரை கை அசையாமல் பிடித்து நின்றாள். கை கடுத்தது, அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

இறங்கும்போது வழுக்குப் பாறையில் பிரகதாம்பாள் தடுமாறினாள். அமிர்தவல்லிதான் பக்கத்தில் இருந்தாள், கையை நீட்டினாள். பிரகதாம்பாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாள். அதன்பிறகு ரோடு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வேனில் ஆத்மநாதன் அமிர்தவல்லியின் அருகே வந்து உட்கார்ந்தான். “எனக்குத் தெரியாமப் போச்சு, அமிர்தம்.”

“நீங்க தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கல. அது வேற” என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

தை மாசம் ஒரு கல்யாணத்தில் பந்தி நடுவே யாரோ ஒருத்தி, “என்ன பிரகதம், அந்த அருவிக் கதையச் சொல்லேன்” என்று எடுத்துக் கொடுத்தாள். பிரகதாம்பாள் ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் அன்புமொழி கடைக்கு வந்தாள். குடும்பத்தோடு குற்றாலம் போகிறார்களாம்.

“சித்தி, அத்தைக்கு ஒரு கூடாரம் வேணுமாம். கையோட வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

தைத்த கூடாரங்கள் அமிர்தவல்லியின் தலைக்கு மேல் ஆணியில் வரிசையாகத் தொங்கின. அவள் மெஷினை நிறுத்தவில்லை.

“அவங்களையே வரச் சொல்லு. அளவு எடுக்கணும்.”

“இதுக்கு ஏது சித்தி அளவு?”

“மத்தவங்களுக்குக் கிடையாது” என்றாள் அமிர்தவல்லி. “ஒங்க அத்தைக்கு உண்டு. வந்து இங்க நிக்கச் சொல்லு.”