என் பேரில் இல்லாத அனா

எனக்கு எண்பத்தொன்பது வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. அதில் நாலாவது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதிவைக்கத்தான் உட்கார்ந்தேன்.

மூத்தது மூன்றுக்கும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கைநாட்டுத்தான். மூன்றாவது தடவை கிளாக்கர் என் பெருவிரலைக் கத்தரிக்காய் மாதிரிப் பிடித்து மையில் அமுக்கினார். அடுத்த பிள்ளைக்கு எழுதிக் காட்டுகிறேன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன நேரம், வயிற்றில் நாலாவது வந்துவிட்டது.

அப்போது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்துத் துரை, பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்க உத்தரவு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே வகுப்பு. வாத்தியார் பக்கத்து டிவிசனிலிருந்து மலையேறி வருவார். கையில் புத்தகமும் இருக்காது, குறிப்பும் இருக்காது. வந்ததும் எங்களைத்தான் கேட்பார்.

“போன கிழமை எங்க விட்டோம்?”

“அனாவுலங்க.”

“அப்ப அனாவுல இருந்தே போவோம்.”

பதினொரு ஞாயிறு அனா என்கிற அந்த முதலெழுத்து ‘அ’வையே எழுதினோம். என் நாத்தனார் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்தபடி கேட்பாள்.

“மதினி, இன்னைக்கு எதுவரைக்கும் போனீங்க?”

“அனா.”

“போன கிழமையும் அனாதானே?”

“இது அதவிட நல்ல அனா.”

வகுப்பு முடிந்ததும் வாத்தியார் எங்கள் சிலேட்டுகளைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொள்வார். வீட்டில் வைத்துத் திருத்தி அடுத்த ஞாயிறு கொண்டுவருவாராம். இரண்டு மைல் இறக்கத்தில் சிலேட்டும் சிலேட்டும் உரசி எல்லாம் துடைத்த மாதிரி ஆகிவிடும். அவர் சாக்கைத் திறந்து பார்ப்பார். எந்தத் தப்பும் கண்ணில் படாது. “எல்லாருமே கெட்டிக்காரங்க” என்பார். சோதித்துப் பார்க்க ஒரு தடவை நான் எழுத்துக்குப் பதில் ஆட்டுக்குட்டி வரைந்து கொடுத்தேன். அதுவும் சரி என்றுதான் வந்தது.

வயிறு ஏழாம் மாதத்துக்குப் போய்விட்டது. படிப்பு அனாவை விட்டு நகரவில்லை. எனக்குத் தூக்கம் போனது.

பிள்ளை பார்க்கிற ஆயா என்னைவிட ஆறு வயது சின்னவள். ஹட்டனில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தொட்டில் ஆட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள்.

“அக்கா, ஒங்களுக்கு எந்த எழுத்து வேணும்?”

“என் பேரு எழுதினா போதும்மா.”

மறுநாள் ஓர் அட்டையில் என் பேரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாள்.

“அக்கா, ஒங்க பேருல அனாவே இல்ல.”

பதினொரு ஞாயிறு!

அன்று முதல் நடுப்பகலில் மூன்றாவதுக்குச் சோறூட்ட வரும்போதெல்லாம் எனக்குப் பாடம். கையைக் கழுவச் சொல்லி, முறத்தில் பால்மாவைப் பரப்பி வைப்பாள். விரலால் எழுத வேண்டும். விரலை எடுப்பதற்குள் சொல்லிவிடுவாள்: “சுழி எடம் மாறிப்போச்சு. அழிச்சிட்டு எழுதுங்கக்கா.” முறத்தை ஒரு குலுக்கு. மறுபடியும் எழுத்து. கடைசியில் அந்த மாவைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுவாள். என் மூன்றாவது மகன் என் பேரைக் குடித்துத்தான் வளர்ந்தான்.

பிள்ளை பிறந்தது. நானும் நாத்தனாரும் ஆபீசுக்குப் போனோம். கிளாக்கர் மைப்பெட்டியைத் திறந்து என் விரலுக்குக் கை நீட்டினார்.

“விடுங்கையா, நான் எழுதுவேன்.”

எழுதினேன். அவசரப்படவில்லை. அவருடைய தேத்தண்ணீர் ஆறிப்போனது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஒன் கையெழுத்துன்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

“இப்பதானேங்க ஒங்க கண்ணு முன்னால போட்டேன்?”

“அது சரி. பழைய தாளெல்லாம் கைநாட்டாச்சே. உறுதிக்குப் பக்கத்துல ஒரு கைநாட்டு வச்சிரு.”

வாசலில் நின்ற நாத்தனார் உள்ளே வந்தாள்.

“ஐயா, நீங்களும் ஒங்க கையெழுத்துக்குப் பக்கத்துல ஒண்ணு வைங்க. அப்பதான் நாங்க ஒங்கள நம்புவோம்.”

கிளாக்கர் மைப்பெட்டியை மூடினார். மறுநாள் முறத்துக்கு முன்னால் எனக்கு முந்தி நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியாருக்கும் செய்தி போயிருந்தது. “பாத்தீங்களா, நம்ம வகுப்போட பெருமைய!” என்றார். பிறகு கேட்டார், போன கிழமை எங்கே விட்டோம் என்று.

பேத்தி, இங்க வா கண்ணு. இதப் படிச்சுக் காட்டு. தப்பிருந்தா அங்கேயே விரல வச்சுச் சொல்லு. கொண்டுபோய்ப் பாத்துட்டு அப்புறமா வர்றேன்னு மட்டும் சொல்லாத.