ஒரே மனிதருக்கு இரண்டு பொட்டலம் மல்லிகை

1. நிலக்கோட்டையில் திண்டுக்கல் பேருந்து ஏறுகிறேன். ஜன்னலோர இடம் கிடைக்கிறது.
2. நிற்க மட்டுமே இடம் கிடைத்த ஓர் அக்கா, "செத்த நேரம் வச்சுக்கம்மா" என்று தன் பையை என் மடியில் வைக்கிறார். கழுத்தில் சிலுவை.
3. பைக்குள் வாழையிலையில் கட்டிய இரண்டு பொட்டலம் மல்லிகை.

எதற்கு இரண்டு என்று கேட்கிறேன். கணவர் இறந்து இன்றோடு ஒரு வருடமாம். ஒன்று கல்லறைக்கு, இன்னொன்று கோயிலுக்கு. கணவர் இந்துவாகப் பிறந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர். அவர் இறந்ததும் நாத்தனார் செல்வி கோயிலில் மோட்ச தீபம் ஏற்ற, அக்கா சண்டை போட்டிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சில்லை.

"எங்களுக்குப் பாவம் கழிஞ்சு ஆண்டவர்கிட்ட போய்ச் சேரணும். அவங்களுக்கு மறுபடி பிறக்காம இருக்கணும். அவருதான் எங்க பக்கம் வந்துட்டாரே, பெறகு விளக்கு எதுக்குன்னு கேட்டுட்டேன். ஆனா நானும் மாசாமாசம் சர்ச்சுல அவருக்குப் பூசை வைக்கிறேனே. போய்ச் சேந்துட்டாரான்னு எனக்கும் பயந்தான? அவளுக்கும் அதே பயந்தான்."

"ரெண்டு பக்கமும் கூப்பிட்டா அவர் எங்கேக்கா போவார்?"

"உயிரோட இருந்தப்பவே ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டு வந்த மனுசன். சமாளிச்சுக்குவாரு."

இன்று மறுபடி ஏற்றும் தீபத்துக்குத் தானும் வருவதாகக் காலையிலேயே செல்விக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. சின்னாளபட்டி தாண்டும்போது பைக்குள் கைபேசி அடிக்கிறது. எடுத்துக் கொடுக்கிறேன். அக்கா கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே நிற்கிறார்.

"நீ பூ வாங்காத செல்வி. நான் வாங்கிட்டேன்."

ஆறு மணிக்குத் தீபம். அதற்கு முன் கல்லறைக்குச் செல்வியும் வருகிறாராம்.